ஆறு வருடம் களத்தில் இருந்துவிட்டேன், இனி எனக்கு எதற்குப் படிப்பு?

கேள்வி: வணக்கம் ஐயா. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு வருடமாகக் களப்பணியாளராக இருக்கிறேன். வயது 31. பி.ஏ. தமிழ் படித்திருக்கிறேன். நாற்பது மகளிர் குழுக்கள் என் பொறுப்பில் இருக்கின்றன. கணக்கு, வங்கிக் கடன், பயிற்சி, கிராம சபைக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் என் வேலைதான். போன வருடம் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்த 23 வயதுப் பெண்ணை எனக்கு மேலே ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். சம்பளம் என்னுடையதைவிட ஒன்றரை மடங்கு. உள்கடன் (குழுவின் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குக் கொடுக்கும் கடன்) வட்டி கணக்குப் போடவே நான்தான் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுத்தேன். நானும் படித்துவிடலாம் என்று தோன்றுகிறது. வேலையை விட்டுவிட்டுக் கல்லூரியில் சேரலாமா, தபால் வழியில் படிக்கலாமா? டைரக்டர் சார், 'உனக்குத் தெரியாததையா அங்கே சொல்லித் தரப்போகிறார்கள்' என்கிறார். அவர் சொல்வதும் சரிதானோ என்றிருக்கிறது. ஆங்கிலம் வேறு பயம். வீட்டுக்காரர், 'படித்தால் சம்பளம் கூடுமா, அதைச் சொல்' என்கிறார். ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கேட்டதற்கு முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். வேலையை விட வேண்டாம். தொலைநிலைக் கல்வியில் எம்.எஸ்.டபிள்யூ. சேருங்கள். இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டும் என்று கச்சை கட்டாதீர்கள், மூன்று வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் டைரக்டர் சொன்னது பாதி சரி. மீதிப் பாதி அவருக்கு வசதியான பேச்சு. படிக்காத களப்பணியாளர் குறைந்த சம்பளத்தில் நிறைய வேலை செய்வார் என்பது எல்லா டைரக்டர்களுக்கும் தெரியும்.

'தெரியாததையா சொல்லித் தரப்போகிறார்கள்' என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஒரு குழுவில் 20 பேருக்கு மேல் ஏன் சேர்ப்பதில்லை? நாற்பது குழுக்களை வைத்திருக்கும் உங்களுக்கு இந்த விதி மனப்பாடம். இருபத்தோராவது ஆளாக வந்த எத்தனையோ பெண்களிடம் 'அடுத்த குழுவில் பார்க்கலாம்க்கா' என்று சொல்லியிருப்பீர்கள். ஆனால் காரணம்? பெரும்பாலான களப்பணியாளர்கள் 'பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள்' என்பார்கள். 1956-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி, லாபம் கருதி 20 பேருக்கு மேல் சேர்ந்து ஒரு தொழில் நடத்தினால் அதைப் பதிவு செய்தாக வேண்டும் என்று அப்போது இருந்தது. பதிவு, தணிக்கை என்ற தொல்லை ஏழைப் பெண்களுக்கு வேண்டாம் என்றுதான் நபார்டு வங்கி 1992-ல் 500 குழுக்களை வைத்து, குழுக்களுக்கு வங்கிக் கடன் கிடைக்கச் செய்யும் இணைப்பைச் சோதனையாகத் தொடங்கியபோது அந்த வரம்புக்குள் குழுவை வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 1989-ல், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் நம் மாநில அரசின் மகளிர் மேம்பாட்டு நிறுவனம் குழுக்களைத் தொடங்கியிருந்தது. நீங்கள் தினமும் தூக்கிச் சுமக்கிற அந்தப் பேரேடுகளுக்குப் பின்னால் இப்படி ஒரு வரலாறு இருக்கிறது.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். விதியின் காரணம் தெரிந்தவருக்குத்தான் அதை எங்கே தளர்த்தலாம், எங்கே கூடாது என்று தெரியும். வங்கி மேலாளர் 'ரூல் இல்லம்மா' என்று சொல்லும்போது எந்த ரூல், யார் போட்டது என்று கேட்கும் தைரியம் அதிலிருந்துதான் வரும். ஆறு வருடத்தில் எப்படிச் செய்வது என்று களம் உங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது. ஏன் இப்படி ஆனது, வேறு எப்படி ஆகியிருக்கலாம் என்பதை அது தானாகச் சொல்லாது. மாதக் கடைசி அறிக்கையின் அவசரத்தில் அதை யோசிக்க யாருக்கு நேரம்?

இன்னொன்று. கிராம சபைக்கு ஆள் வருவதில்லை, வந்தாலும் பேசுவதில்லை என்று நீங்கள் அலுத்துக்கொண்டிருப்பீர்கள். தப்பு நம்மிடம்தானோ, இன்னும் நாலு வீடு ஏறி இறங்கியிருக்க வேண்டுமோ என்றும் தோன்றியிருக்கும். 1952 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி பிறந்த நாளில், இந்திய அரசு 55 இடங்களில் சமுதாய வளர்ச்சித் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கியது. வட்டார வளர்ச்சி அலுவலர் என்ற பதவியும், நீங்கள் வாரம் ஒருமுறையாவது போய் நிற்கிற அந்த ஒன்றிய அலுவலகமும் அந்தத் திட்டம் விட்டுப்போனவைதான். ஐந்து வருடம் கழித்து, 1957-ல், பல்வந்த்ராய் மேத்தா குழு அதை ஆராய்ந்து பார்த்துச் சொன்ன முக்கியமான குறை என்ன தெரியுமா? மக்கள் இதைத் தங்கள் திட்டமாக நினைக்கவில்லை, அரசாங்கத்தின் வேலையாகப் பார்க்கிறார்கள் என்பதுதான். அதற்கு மருந்தாகத்தான் மூன்றடுக்குப் பஞ்சாயத்தை அந்தக் குழு பரிந்துரைத்தது. பிறகு அரசியலமைப்பின் 73-வது திருத்தம், 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபைகள். அப்படியும் உங்கள் ஊர் மந்தையில் வெயிலில் உட்கார்ந்திருப்பவர்கள் நூறு நாள் வேலை அட்டையோடு வந்தவர்கள்தான். ஆள் சேராதது உங்கள் ஒருவரின் திறமைக் குறைவல்ல. எழுபது வருடமாக இந்த நாடு விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வி அது. அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியவர்கள் என்னென்ன செய்து பார்த்தார்கள், எது எங்கே கவிழ்ந்தது என்பதைப் படிக்கத்தான் பல்கலைக்கழகம்.

உங்களுக்குச் சங்கடம் தரக்கூடிய ஒன்றையும் சொல்கிறேன். ஒரு குழுவின் தீர்மானப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'இன்று கூடிய கூட்டத்தில் அனைத்து உறுப்பினர்களும் ஒருமனதாகத் தீர்மானித்ததாவது' என்று தொடங்கும். நாற்பது குழுவின் புத்தகத்திலும் அதே வரி, பெரும்பாலும் அதே கையெழுத்து. பல இடங்களில் அது களப்பணியாளரின் கையெழுத்தாகவே இருக்கும். வங்கிக்கு அவசரமாகத் தீர்மானம் வேண்டும் என்றால் முதலில் பக்கத்தை எழுதிவிட்டு, அப்புறம் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவதும் உண்டு. காட்டு வேலைக்குப் போனவருக்குச் சாயங்காலம் கைநாட்டு வைக்க மைப்பெட்டி நீட்டப்படும். எதற்கு என்று அவரும் கேட்பதில்லை. நம் அறிக்கையில் இதற்குப் பெயர் 'மக்கள் பங்கேற்பு'.

இதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். மனதுக்குள் ஒரு உறுத்தல் இருக்கும், ஆனால் அதைச் சொல்ல வார்த்தை கிடைத்திருக்காது. ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் பார்த்தது அமெரிக்க நகரங்களின் மேம்பாட்டுத் திட்டங்களை. மக்கள் பங்கேற்பை அவர் எட்டுப் படிகளாகப் பிரித்தார். அடியில் இருக்கும் இரண்டு படிகள் பங்கேற்பே இல்லை, மக்களை நம் வழிக்குக் கொண்டுவரும் வித்தை மட்டும்தான். நடுவில் மூன்று படிகள்: தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, ஒன்றிரண்டு பேரைக் கமிட்டியில் போட்டுச் சமாதானப்படுத்துவது. இவை ஒப்புக்குச் செய்யும் பங்கேற்பு. முடிவெடுக்கும் அதிகாரத்தில் மக்களுக்கு உண்மையிலேயே பங்கு கிடைப்பது மேலே உள்ள மூன்று படிகளில் மட்டும்தான். நம் தீர்மானப் புத்தகம் எந்தப் படியில் இருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தால் அன்று ராத்திரி சோறு இறங்காது. படிப்பு இப்படியும் ஒரு வேலை செய்யும், அதற்கும் தயாராக இருங்கள். வகுப்பில் உட்காரும் 21 வயது மாணவருக்கு அந்த எட்டுப் படிகள் பத்து மார்க் கேள்வி. உங்களுக்கு அவை நேற்றுச் சாயங்காலம் நடந்த சமாசாரம். வேலையில் இருந்துகொண்டே படிப்பதன் லாபமும் தொல்லையும் இதுதான்.

இப்படிச் சொன்னதால் புத்தகத்தில் இருப்பதெல்லாம் வேதவாக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாடநூல்களில் 'சமுதாயம்' என்று எழுதும்போது ஊர் முழுக்க ஒரே குடும்பம் போல ஒரு தொனி இருக்கும். ஊருக்கும் காலனிக்கும் நடுவே போகிற அந்தத் தெருவைத் தாண்டித் தினமும் நடக்கிறவர் நீங்கள். பங்கேற்பு முறையில், அதாவது ஊர் மக்களையே தரையில் வரையச் சொல்லி, ஊர் வரைபடம் போடும்போது கோலப்பொடியை யார் கையில் கொடுக்கிறோம் என்பதை வைத்தே படம் மாறிவிடும். ஊராட்சி அலுவலக வாசலில் போட்டால் கோயிலும் மேல்நிலைத் தொட்டியும் பெரிதாக வரும். காலனியில் போட்டால் சுடுகாட்டுப் பாதை முதலில் வரும். இந்த மாதிரி முறைகளைப் பரப்பியவர்களில் முக்கியமான ராபர்ட் சேம்பர்ஸ், தார்ச்சாலை ஓரமாகவே பார்த்துவிட்டுத் திரும்பும் வளர்ச்சி நிபுணர்களை நன்றாகவே கிண்டல் செய்திருக்கிறார். மழைக்காலத்தில் வராதவர்கள், ஊர்ப் பெரியவர்களிடம் மட்டும் பேசுபவர்கள், ஆண்களை மட்டும் பார்ப்பவர்கள் என்று அவர் போட்ட பட்டியலில் நம் ஊர்ப் பார்வையாளர்கள் பல பேர் அடங்குவார்கள். ஆனால் அவர் எழுத்திலும் சாதி எப்படி ஒரு கூட்டத்தில் பாய் விரிக்கும் இடத்தை முடிவு செய்கிறது என்பது விரிவாக இருக்காது. அதை எழுத வேண்டியவர் நீங்கள்தான். அசைன்மென்டில் புத்தகத்தில் இருப்பதை எழுதிவிட்டு, 'ஆனால் நான் பணிபுரியும் பகுதியில்' என்று ஒரு பத்தி சேருங்கள். திருத்துகிறவர் எத்தனையோ காப்பியடித்த விடைகளைப் பார்த்துச் சலித்திருப்பார், உங்கள் பத்தியில் நிமிர்ந்து உட்காருவார்.

சரி, நடைமுறைக்கு வருவோம். முழுநேரப் படிப்புக்கு நம் பக்கம் நல்ல இடங்கள் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்திலேயே காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய அமைப்பு, 1956-ல் கிராமிய நிறுவனமாகி, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாணவர்களைக் கிராமத்தில் தங்கவைத்துப் படிக்கவைக்கும் வழக்கம் அங்கே பழையது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரி இருக்கிறது. இங்கெல்லாம் வகுப்பும் களப்பணியும் சேர்ந்தே ஓடும். வேலை பார்த்துக்கொண்டு நடுவில் போய்வர முடியாது. உங்களுக்கு 21 வயதாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அங்கே போகச் சொல்லியிருப்பேன். இரண்டு வருடச் சம்பளத்தையும், நாற்பது குழுக்களோடு உள்ள பழக்கத்தையும் விட்டுக்கொடுத்து 31 வயதில் போவது தேவையில்லை. போனவர் திரும்பி வரும்போது அதே வேலை காலியாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

தொலைநிலையில் இக்னோவைத்தான் (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) முதலில் சொல்வேன். மதுரையில் மண்டல மையம் இருக்கிறது. அங்கே உங்களுக்குப் பொருந்துவது இரண்டு: எம்.எஸ்.டபிள்யூ., கிராமப்புற வளர்ச்சியில் எம்.ஏ. மனதுக்குப் பிடித்தமாக இருக்கப்போவது இரண்டாவது. உங்கள் வேலையைப் பற்றியே படிப்பீர்கள், ஆய்வறிக்கையும் உண்டு, கட்டாயக் களப்பணிச் சுமை இல்லை. ஆனாலும் முதலாவதைச் சொல்கிறேன் என்றால் விளம்பரங்களைப் பார்த்துத்தான். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, மருத்துவமனைகளின் சமூகப்பணியாளர் இடம், கம்பெனிகளின் சமூகப் பொறுப்புத் திட்டங்கள், உங்கள் நிறுவனம் போன்ற தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பாளர் பதவி எனப் பெரும்பாலான இடங்களுக்கு 'எம்.எஸ்.டபிள்யூ. அல்லது அதற்கு இணையான' என்றுதான் போடுகிறார்கள். 'இணையான' என்பதை நிரூபிக்க நீங்கள் ஒவ்வொரு நேர்காணலிலும் மல்லுக்கட்ட வேண்டாம். களப்பணியை நேர்மையாகச் செய்ய நேரமே கிடைக்காது என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் எம்.ஏ. பக்கம் போங்கள்.

அஞ்சல் வழிப் பட்டம் செல்லுமா என்ற சந்தேகத்தை விட்டுவிடுங்கள். அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் தொலைநிலையில் படித்த பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் தெளிவாகவே அறிவித்துவிட்டது. கவனிக்க வேண்டியது வேறு. எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், நீங்கள் சேரும் அந்த வருடத்துக்கு, அந்தப் படிப்புக்கு, மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவின் அனுமதி இருக்கிறதா என்று அவர்கள் இணையதளத்திலேயே பாருங்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் போர்டு மாட்டியிருக்கும் 'ஸ்டடி சென்டர்' ஆள் சொல்வதை நம்பாதீர்கள். 'கட்டணத்தை மட்டும் கட்டுங்க மேடம், மத்ததை நாங்க பாத்துக்கறோம்' என்று சொன்னால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் பத்து, பன்னிரண்டு, பி.ஏ. என்று வரிசையாகப் படித்தவர் என்றால் பின்னால் அரசு வேலைக்கு விண்ணப்பித்தாலும் சிக்கல் இல்லை.

நேரம்தான் உண்மையான பிரச்சினை. ஜூன், டிசம்பர் என்று வருடத்தில் இரண்டு தேர்வுக் காலம். மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மென்டுக்கு, 70 சதவீதம் தேர்வுக்கு. ஜூன் தேர்வுக்கான அசைன்மென்டை மார்ச், ஏப்ரல் வாக்கில் கேட்பார்கள். மார்ச் என்றால் உங்கள் வேலையில் என்ன என்று எனக்குத் தெரியும். வங்கிக் கடன் இலக்கு முடிக்க வேண்டும், தணிக்கைக்குப் புத்தகங்களைச் சரிசெய்ய வேண்டும், மேலிடத்தில் இருந்து தினமும் போன் வரும். அந்த மாதத்தில் ஒரு வரிகூட எழுத முடியாது என்று இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். பொங்கல் முடிந்த கையோடு அசைன்மென்டை முடித்துவிட வேண்டும். முதல் வருடத் தாள்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் எழுதப் பார்க்க வேண்டாம். டிசம்பருக்கு ஒன்றிரண்டைத் தள்ளிவைக்கலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. குழுக் கூட்டம் முடிந்து எட்டரை மணிக்கு வீட்டுக்கு வந்து சமைத்துவிட்டுப் படிக்கலாம் என்ற திட்டம் இரண்டு வாரம்கூட ஓடாது. விடியற்காலையா, பஸ் பயணமா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானமா என்று ஒன்றை எடுத்துக்கொண்டு, அந்த நேரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரர் பொறுப்பு என்று முன்கூட்டியே பேசி முடித்துவிடுங்கள். பிறகு பேசினால் அது சண்டையாகத்தான் முடியும்.

ஆங்கிலத்தைப் பற்றி. இக்னோ பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கும், தேர்வையும் அப்படித்தான் எழுத வேண்டும். தமிழில் எழுதியே ஆக வேண்டும் என்றால் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் தொலைநிலைப் படிப்புகளைப் பாருங்கள், ஆனால் தமிழில் எழுத அனுமதி உண்டா என்று விவரக் கையேட்டில் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நான் உங்களை ஆங்கிலத்திலேயே எழுதச் சொல்வேன். இந்தத் துறையின் ஆங்கிலம் ஒன்றும் ஷேக்ஸ்பியர் இல்லை. இருநூறு, முந்நூறு வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும். அவற்றில் பாதியை ஏற்கெனவே உங்கள் மாதாந்திரப் படிவங்களில் நிரப்பிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பாடத்தைப் படித்ததும் புரிந்ததைத் தமிழில் ஒரு பக்கம் எழுதுங்கள். அதில் உங்கள் ஊர் உதாரணம் ஒன்றாவது இருக்கட்டும். அப்புறம் அந்தப் பக்கத்தைச் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக மாற்றுங்கள். பி.ஏ. தமிழ் படித்தவருக்கு வாக்கியம் அமைப்பது கைவந்த வேலை. செல்போனில் மொழிபெயர்ப்பதை அகராதியாகப் பயன்படுத்தலாம், பதிலையே அதனிடம் எழுதி வாங்கினால் தேர்வு அறையில் பேனா நகராது.

களப்பணியைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ.வில் மேற்பார்வையாளரின் கீழ் களப்பணி செய்து குறிப்பேடு எழுத வேண்டும். வேலையில் இருப்பவர்கள் பலர் செய்வது இதுதான்: தங்கள் அன்றாட வேலையையே களப்பணி என்று எழுதி, தங்கள் டைரக்டரிடமே கையெழுத்து வாங்கிவிடுவது. பாஸ் ஆகிவிடலாம். ஆனால் கட்டணம் கட்டி, நீங்கள் ஏற்கெனவே தெரிந்து வைத்திருப்பதற்கே சான்றிதழ் வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் ஆறு வருடமும் குழு, கடன், கிராம சபை என்று ஒரே தடத்தில் ஓடியிருக்கிறது. மனநலப் பிரிவில் ஒரு குடும்பத்தோடு உட்கார்ந்து பேசியதில்லை. குழந்தைத் திருமணம் ஒன்றை நிறுத்தப் போன அதிகாரிக்குப் பின்னால் நின்று பார்த்ததில்லை. அரசு மருத்துவமனையிலோ, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்திலோ, முதியோர் இல்லத்திலோ களப்பணி கேளுங்கள். அங்கே நீங்கள் புது ஆள். ஒருவரிடம் தனியாகப் பேசிக் கேட்டுக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். இருபது பேரைக் கூட்டிவைத்துப் பேசியே பழகிய நமக்கு அது வரவே வராது. குழுவில் வாயே திறக்காத அந்த ஒரு பெண்ணின் வீட்டு விஷயம் இத்தனை வருடம் ஏன் உங்கள் காதுக்கு வரவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கும்.

ஆய்வறிக்கை என்று வரும்போது இன்னொரு சபலம் வரும். கையில் நாற்பது குழுக்கள், அறுநூறு, எழுநூறு பெண்கள். கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு போனால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். வேண்டாம். குழுவுக்குக் கடன் தரலாமா என்று மதிப்பிட யார் வந்து உட்காருகிறாரோ அவரிடம் எந்தப் பெண்ணும் 'இந்தக் குழுவால் எனக்குப் பிரயோசனம் இல்லை' என்று சொல்ல மாட்டார். டீ போட்டுக் கொடுத்து, எல்லாக் கேள்விக்கும் 'ஆமாங்க' என்பார். அந்த 'ஆமாங்க'வைச் சதவீதமாக மாற்றி எழுதினால் அது ஆய்வு இல்லை. உங்களை அறியாத பக்கத்து வட்டாரத்தில் போய்க் கேளுங்கள். கேட்பதற்கு முன், பதில் சொல்ல மறுக்கலாம், நடுவில் நிறுத்தலாம், இதனால் கடன் வரவும் செய்யாது, நிற்கவும் செய்யாது என்று தமிழில் தெளிவாகச் சொல்லுங்கள். எழுதும்போது பெயரை மாற்றினால் மட்டும் போதாது. 'கணவரை இழந்தவர், பேச்சு வராத மகன், டெய்லர்' என்று எழுதினால் அந்த ஒன்றியத்தில் எல்லாருக்கும் அது யார் என்று தெரிந்துவிடும். நமக்கு அது மதிப்பெண், அவருக்கு அது நாளைக்குத் தண்ணீர்க் குழாயடியில் கேட்க வேண்டிய பேச்சு.

டைரக்டரிடம் என்ன கேட்பது? அனுமதி கேட்காதீர்கள். படிக்க அவர் அனுமதி தேவையில்லை. தேர்வு நாட்களுக்கு விடுப்பும், களப்பணிக்கு வாரத்தில் ஒரு நாள் நேர மாற்றமும் எழுத்தில் கேளுங்கள். படித்து முடித்தால் எந்தப் பதவி, எவ்வளவு சம்பளம் என்பதையும் இப்போதே கேளுங்கள். 'பார்க்கலாம்மா' என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். கட்டணத்தில் பாதி தருகிறேன், மூன்று வருடம் இங்கேயே இருக்க எழுதிக்கொடு என்றால் யோசித்துச் செய்யுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்றால் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதற்கும் இதுதான் பதில். சம்பளம் தானாகக் கூடாது. திட்ட நிதியில் ஓடும் நிறுவனங்களில் பதவிக்குத்தான் சம்பளம், ஆளுக்கு அல்ல. பட்டம் கையில் வந்த பிறகு, இருக்கும் இடத்தில் பதவி மாறவில்லை என்றால் வெளியே விண்ணப்பிக்க வேண்டும். ஆறு வருட அனுபவமும் எம்.எஸ்.டபிள்யூ.வும் சேர்ந்த ஆள் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை, அதனால் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு மாவட்டத்துக்குள்ளாவது கொஞ்சம் இடம் மாறத் தயாராக இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் மறைத்துவிட்டுப் படிப்பைத் தொடங்க வேண்டாம்.

கடைசியாக அந்த 23 வயதுப் பெண். கடிதத்தில் அவரைப் பற்றி எழுதியிருக்கும் இடத்தில்தான் உங்கள் பேனா அழுத்தி எழுதியிருக்கிறது. கோபம் நியாயம்தான், அதைக் கோபப்பட வேண்டிய இடத்தில் காட்டுங்கள். சம்பள அளவை வைத்தது அந்தப் பெண் இல்லை. தொலைநிலைக் கல்வியின் பெரிய குறை, எதிர்த்துப் பேச ஆள் இல்லாமல் தனியாகப் படிப்பதுதான். அதற்கு உங்கள் பக்கத்து மேசையிலேயே ஆள் இருக்கிறார். இரண்டு வருட வகுப்புக் குறிப்புகள், புத்தகங்கள், களப்பணிக் குறிப்பேடு எல்லாம் அவரிடம் இருக்கும். நாற்பது குழுக்கள் இருக்கும் ஊர்களில் எந்த வீட்டுக் கதவை எப்போது தட்டலாம் என்பது அவரிடம் இல்லை. வண்டியில் சேர்ந்து போகிற அரை மணி நேரம் போதும். உள்கடன் வட்டியை அவர் உங்களிடம் கேட்டாரே, அதே மாதிரி நீங்களும் போய் ஒரு பாடத்தைக் கேளுங்கள். முதல் தடவை கேட்பதுதான் கஷ்டம்.

பணம் கட்டுவதற்கு முன் இன்னொரு காரியம் செய்யுங்கள். இக்னோ பாடப் புத்தகங்கள் இ-ஞான்கோஷ் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எம்.எஸ்.டபிள்யூ. பாடங்களில் சமுதாயத்தை அமைப்பாக்குவது பற்றிய தாளைத் தேடி, முதல் இரண்டு அலகுகளை மட்டும் போனில் இறக்கி ஒரு மாதம் படித்துப் பாருங்கள். தூக்கம் வந்தால் பரவாயில்லை, எல்லாருக்கும் வரும். 'இதை எழுதியவர் எங்கள் ஊருக்கு வந்ததே இல்லை போல' என்று ஓரத்தில் எழுதத் தோன்றினால், ஜூலை சேர்க்கைக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.